ஜீரோ அக்காவின் மூன்றாவது பரீட்சை

அந்த மருத்துவமனைக்குள் எந்தப் போனை எடுத்து ஜீரோவை அழுத்தினாலும் அவள்தான் பேசுவாள். அதனால் அவளுக்கு ஜீரோ அக்கா என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்காக வைக்கவில்லை, அவளும் கோபித்துக்கொண்டதில்லை. "மத்த நம்பரெல்லாம் ஒரே ரூமுக்குத்தான் போகும், நான் எல்லா ரூமுக்கும் போவேன்" என்பாள். வயது நாற்பத்து நான்கு. பிறவியிலேயே பார்வை கிடையாது. அறுநூற்றுப் பன்னிரண்டு உள் எண்களும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எலும்பு டாக்டர் ஒருவர் தன் அறை எண் என்ன என்று வாரம் ஒருமுறை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

மாடிப்படிக்கு அடியில் சாய்வான கூரையுள்ள சின்ன அறை. ஒரு மேஜை, இணைப்புப் பலகை, சுழல் நாற்காலி, ஒரே வேகத்தில் மட்டும் சுற்றும் மின்விசிறி. தலைக்கு மேல் யார் படியேறினாலும் யாரென்று சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருடங்களாக அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

பேச்சு என்றால் கொஞ்சநஞ்சப் பேச்சில்லை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. யோசிப்பதைக்கூட வாய்விட்டுத்தான் யோசிப்பாள். பயம் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம், பேச்சு இரண்டு மடங்காகிவிடும். அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். சாயங்காலம் அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அண்ணி டி.வி.யை அணைத்துவிடுவாள். "ரெண்டும் ஒண்ணா ஓடினா எனக்கு எதுவும் விளங்காது" என்பாள். நாத்தனார் பேச்சில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது என்பதே உண்மை. டி.வி.யில் வருவதெல்லாம் இட்டுக்கட்டிய அழுகை. இவள் கொண்டுவருவது மருத்துவமனையின் நிஜ அழுகை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது நிர்வாகம் ஒரு இயந்திரம் வாங்கியது. இனிமேல் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களிடம் அந்த இயந்திரம் பேசும். வெளிநோயாளி என்றால் ஒன்றை அழுத்து, உள்நோயாளி என்றால் இரண்டை அழுத்து, செத்துக்கொண்டிருந்தால் காத்திரு. ஜீரோ அக்காவுக்கு இரண்டு வழி வைத்தார்கள். துறைத் தேர்வில் ஐம்பது மார்க் வாங்கினால் முன்பதிவுப் பிரிவு. அங்கே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நோயாளிகளோடு பேசலாம். வாங்காவிட்டால், கிடங்குக்குப் பின்னால் கட்டுத்துணி மடிக்கும் அறை. அங்கே மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிவிடுவார்கள். எச்சில் தெறிக்கும் என்று பேசவும் கூடாது. சம்பளத்தில் எந்தக் குறையும் வராது என்று பெரிய குமாஸ்தா நல்லவிதமாக எடுத்துச் சொன்னார். அவள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"வாயைக் கட்டி உக்கார வெச்சா நான் ஒரு வாரம் தாங்க மாட்டேன் சார்."

"அதான் மூணு தடவை எழுதலாமே" என்றார் அவர்.

பார்வையில்லாதவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஒருவர் துணைக்கு வரலாம் என்பது விதி. வருகிறவர் அதிகம் படித்திருந்தால் விடையைத் தானே போட்டுவிடுவார் என்பதால், பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் வர வேண்டும். மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். அங்கே சேவைக் குழு உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் வருடத்துக்கு நாற்பது மணி நேரம் சேவை செய்தாக வேண்டும். அதற்கு ஒரு நோட்டு. தேதி, நேரம், சேவை பெற்றவர் கையெழுத்து, கடைசிக் கட்டத்தில் 'நான் கற்றுக்கொண்டது'. நூலகத்தில் தூசி தட்டினால் ஒரு மணி நேரம், பூங்காவில் செடி நட்டால் இரண்டு, பரீட்சை எழுதிக்கொடுத்தால் மூன்று. பூங்காவில் நான்கு வருடமாக ஒரே குழியில் செடி நடுகிறார்கள் என்று கேள்வி.

முதல் தடவை ஒரு பையன் வந்தான். வகுப்பில் முதல் மாணவன். பரீட்சை முடிந்து வாசலில் நிற்கும்போது, "ஆன்ட்டி, நாலாவது கேள்விக்கு நீங்க சொன்னது சரியா இல்ல. நான் மாத்தி எழுதிட்டேன்" என்றான். நன்றியை எதிர்பார்த்து நின்றான். நாற்பத்தாறு மார்க் வந்தது. நாலாவது கேள்விக்குப் பூஜ்யம்.

இரண்டாம் தடவை யாருமே வரவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மனிதச் சங்கிலி. எழுத வர வேண்டிய பிள்ளை ஒரு கிலோமீட்டர் தள்ளி, வெயிலில், இருபுறமும் கை கோத்துக்கொண்டு நின்றிருந்தது. பார்வையற்றோருக்கு உதவுவோம் என்று கோஷமும் போட்டதாம். அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் பரீட்சை அறையின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் ஜீரோ அக்கா விடுப்பு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போனாள். சேவைக் குழுவுக்குப் பொறுப்பான டீச்சரை உட்கார வைத்துவிட்டு இவள் நின்றுகொண்டு பேசினாள். முக்கால் மணி நேரம் பேசினாள்.

"எனக்குப் புத்திசாலி வேண்டாம் டீச்சர். கை மட்டும் போதும். நான் சொல்றதை ஒரு எழுத்து கூட்டாம, ஒரு எழுத்து குறைக்காம எழுதணும். தன் மூளையை வீட்ல வெச்சிட்டு வரணும். அப்படி ஒரு பிள்ளை உங்க பள்ளிக்கூடத்துல இருக்கா, இல்லையா?"

"இருக்கு" என்றார் டீச்சர். இடைவெளி கிடைத்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை காவல்காரர் அறை வாசலில் வந்து நின்று, "அக்கா, உங்களைத் தேடி ஒரு அரை டிக்கெட் வந்திருக்கு" என்றார். ஒன்பதாம் வகுப்பு. ஆனால் காலடிச் சத்தம் மூன்றாம் வகுப்புக்குத்தான் காணும். பேச்சும் அப்படித்தான். எது கேட்டாலும் "சரி ஆன்ட்டி." இரண்டு மணி நேரத்தில் அரை டிக்கெட் பேசிய முழு வாக்கியம் ஒன்றே ஒன்று. "நீங்க சொல்றது மட்டும்தான் எழுதணும்னு டீச்சர் பதினஞ்சு தடவை என்னை இம்போசிஷன் எழுத வெச்சாங்க."

ஒத்திகைக்காக ஜீரோ அக்கா மனப்பாடமாக இருந்த ஒரு பத்தியைக் கடகடவென்று சொன்னாள். திருப்பிப் படிக்கச் சொன்னாள். ஒரு கால், ஒரு கொம்பு பிசகவில்லை. அன்றைக்கு அண்ணியிடம், "தங்கம் அண்ணி, தங்கம். இத்தனை நாளா இந்தப் பிள்ளையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தாங்களோ" என்றாள். அண்ணி, பேசாத பிள்ளை என்றதும் உனக்குப் பிடித்துவிட்டது என்றாள்.

பரீட்சை ஒரு பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் நடந்தது. இவர்களுக்கென்று தனி அறை. மேற்பார்வையாளர் ஒருவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விதிகளை வாசித்தார். பரீட்சை எழுதுபவர் சொல்லலாம். துணைக்கு வந்தவர் எழுதலாம். துணைக்கு வந்தவர் எதுவும் கேட்கக் கூடாது, கருத்துச் சொல்லக் கூடாது, படிக்கச் சொன்னால் மட்டும் படிக்கலாம். அரை டிக்கெட் தலையாட்டியிருக்க வேண்டும், சத்தம் வரவில்லை. மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி, கேள்விக்கு இருபது மார்க். மூலையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜீரோ அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. கேள்விகளைப் படிக்கக் கேட்டாள். ஐந்தும் தெரிந்த கேள்விகள். அதிலும் ஐந்தாவது, புகார் சொல்லி எழுதிய நோயாளிக்குப் பதில் கடிதம். அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

ஆரம்பித்தாள். நன்றாகத்தான் சொன்னாள். பேனா கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. முதல் விடை முடிந்ததும் அரை டிக்கெட் எழுந்து போய் கூடுதல் தாள் வாங்கிவந்தாள். இரண்டாவது விடைக்கு இரண்டு கூடுதல் தாள். ஜீரோ அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம் தாள் தாளாக வெளியே வருகிறது என்று நினைத்தாள். நான்காவது விடையில் இவள் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் ஆகியும் பேனா நிற்கவில்லை. அப்போதும் உறைக்கவில்லை.

நான்காவது முடிந்தபோது மேற்பார்வையாளர், "இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றார். தாராளம். ஐந்தாவது கேள்விக்கு இருபது நிமிடம் போதும். ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று, "மூணாவதைப் படி கண்ணு, கேப்போம்" என்றாள்.

அரை டிக்கெட் படித்தாள். தெளிவான, நிதானமான குரல்.

"மூணாவது கேள்விக்கு விடை எழுதிக்கோ. நோயாளியின் உறவினர் தொலைபேசியில் விவரம் கேட்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள். ஒழுங்காம் ஒழுங்கு. இதை எழுதினவன் ஒரு நாள் என் நாற்காலியில வந்து உக்காந்து பாக்கட்டும், தெரியும். இரு, தொண்டையைக் கனைச்சுக்கறேன். முதலாவதாகப் பணியாளர் தன் பிரிவின் பெயரைக் கூற வேண்டும். முற்றுப்புள்ளி வை. அந்தக் குழாயை யாராவது நிறுத்துங்களேன், சொட்டு சொட்டுன்னு உயிரை வாங்குது. இரண்டாவதாக, இரண்டாவதா என்ன வரும், அடக் கடவுளே, நேத்து ராத்திரி கூடப் படிச்சேனே."

 ஜீரோ அக்கா ஏதோ கேட்க வாய் திறந்தாள். காகிதத்தில் பேனா வைக்கும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு மெதுவாக, "நான் இப்பப் பேசறதை எழுதாதே" என்றாள். பேனா நின்றது. "நான் வாயில வந்ததெல்லாம் பேசினா, எல்லாத்தையுமா எழுதினே?"

 பேசக் கூடாதென்பது விதி. ஜீரோ அக்கா மேற்பார்வையாளர் பக்கம் திரும்பி, "சார், அவளை ஒரே ஒரு பதில் சொல்ல விடுங்க" என்றாள். அவர் யோசித்தார். ஜன்னலைச் சாத்தப் போகிறேன் என்று எழுந்து போனார்.

"நீங்க சொன்னது எல்லாம் எழுதினேன் ஆன்ட்டி" என்றாள் அரை டிக்கெட். "சார் குழாயை நிறுத்திட்டு, நிறுத்தியாச்சும்மான்னு சொன்னாரு. அது நீங்க சொன்னதில்ல. அதனால எழுதல."

"முற்றுப்புள்ளி வைன்னேனே."

"எழுதினேன். எழுதிட்டு, புள்ளியும் வெச்சேன்."

கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று ஜீரோ அக்காவின் கை துடித்தது. அது உண்மை, மறைப்பதற்கில்லை. அதே நேரத்தில் அவள் காதில் பள்ளிக்கூடத்தில் அவளே பேசிய முக்கால் மணி நேரமும் திரும்ப ஓடியது. ஒரு எழுத்து கூட்டாம, ஒரு எழுத்து குறைக்காம. கை மட்டும் போதும். கேட்டதைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

"முதல்லேர்ந்து படி. நான் வெட்டுன்னா வெட்டு."

"வெட்டினா மார்க் குறைப்பாங்கன்னு..."

"வெட்டு கண்ணு."

படித்தாள், வெட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டாவது விடையில் ஒரு இடத்தில், "கேக்கிறவன் அழுதா நாம அழக் கூடாது, தண்ணி குடிச்சிட்டுப் பேசணும். இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு" என்று வந்தது. பேனா காத்திருந்தது. "அது இருக்கட்டும்" என்றாள் ஜீரோ அக்கா. "அது உண்மை." நான்காவது விடையைப் பாதி வெட்டும்போது மணி அடித்துவிட்டது. ஐந்தாவது கேள்வியின் எண்ணைக்கூட எழுதவில்லை.

வெளியே வந்ததும் அரை டிக்கெட் சேவை நோட்டை நீட்டினாள். ஜீரோ அக்கா கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

"கத்துக்கிட்டதுன்னு என்ன எழுதணும் ஆன்ட்டி?"

"ஒண்ணும் எழுதாதே" என்று சொல்லிவிட்டு, பிடித்திருந்த அந்தச் சின்னத் தோளை விட்டுவிட்டு, கம்பைத் தட்டிக்கொண்டு தனியாகவே பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அன்று சாயங்காலம் அண்ணி டி.வி.யை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை நாலே காலுக்கு ஒரு அழைப்பு வந்தது. "வணக்கம், மருத்துவமனை" என்றாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"ஆன்ட்டி, ரிசல்ட் வந்துடுச்சா?"

"நேத்துதானே எழுதினோம். அஞ்சு வாரம் ஆகும்."

"சரி ஆன்ட்டி."

மறுநாள் நாலே காலுக்கு மறுபடி. பள்ளிக்கூடம் விட்டதும் அலுவலக அறைப் போனிலிருந்து கூப்பிடுகிறாள் என்று பின்னால் மணி அடிக்கிற சத்தத்தில் தெரிந்தது. அந்த வாரத்தின் மீதி நாளெல்லாம் ஜீரோ அக்கா "இல்ல" என்ற ஒரே வார்த்தையோடு லைனை வெட்டினாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய செய்தி. இரண்டாவது வாரம் "இன்னும் இல்ல" ஆனது. மூன்றாவது வாரம், "சாப்டியா?" நான்காவது வாரத்தில் அரை டிக்கெட்டுக்கு நாற்பது மணி நேரம் முடியப் பதினொன்று பாக்கி என்பதும், வீட்டில் அவள் அப்பாவும் அதிகம் பேச மாட்டார் என்பதும், அந்தச் சனிக்கிழமை நட்ட செடி போன வருடக் குழியில்தான் என்பதும் ஜீரோ அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் அழைப்பு வர ஆறு நிமிடம் தாமதமானது. ஜீரோ அக்கா சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்பு. பெரிய குமாஸ்தாவுக்கு இணைக்கச் சொன்னார்கள். இணைத்தாள். ஒட்டுக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. இரண்டு நிமிடத்தில் பெரிய குமாஸ்தா ஜீரோவை அழுத்தினார்.

"அக்கா." கொஞ்சம் தயங்கினார். "நாப்பத்தேழு."

"அம்பதுக்கு மூணு கம்மி."

"ஆமா. அஞ்சாவது கேள்வியை விட்டுட்டீங்களாம். அதுல நாலு வரி எழுதியிருந்தாலே போதும்னாங்க. திங்கட்கிழமை கிடங்குல போய் ஆஜராயிடுங்க. ஆர்டர் அனுப்பறேன்."

"சரி சார். வேற எங்கயாவது கனெக்ட் பண்ணட்டுமா?"

"இல்லக்கா. வேற ஒண்ணும் இல்ல."

மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. நூறு அழைப்புக்கு மேல் வந்தது. எல்லாவற்றையும் எடுத்தாள். நடுநடுவே நாலே காலுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மூணு மார்க்குல போயிடுச்சு கண்ணு, உன் மேல தப்பில்ல. இரண்டாவது பாதி முழு உண்மை இல்லை. அதனால் அதைத்தான் அதிகமாகச் சொல்லிப் பார்த்தாள்.

நாலே காலுக்கு வந்தது. "வணக்கம், மருத்துவமனை."

"ஆன்ட்டி, நான்தான்." வழக்கமான கேள்வி வரவில்லை. "ஆன்ட்டி, டீச்சர் வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொருத்தருக்கு எழுதப் போகச் சொன்னாங்க. ஒரு அண்ணா. அவருக்கும் இது கடைசித் தடவையாம். வேற யாரும் இல்லையாம், எல்லாரும் ஊருக்குப் போறாங்க."

"போக வேண்டியதுதானே."

"மாட்டேன்னுட்டேன். நான் போனா அவரும் ஃபெயிலாயிடுவாரு." பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "ரிசல்ட் வந்துடுச்சா ஆன்ட்டி?"

ஜீரோ அக்கா தயாராக வைத்திருந்த வாக்கியம் தொண்டை வரை வந்திருந்தது. அந்தக் குழந்தையின் மூச்சு நின்றுபோய்க் காத்திருப்பது அவளுக்குக் கேட்டது. இருபத்திரண்டு வருடமாக, சொல்லப்போகும் செய்திக்காக இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர் இந்த லைனில்.

"வந்துடுச்சு. பாஸ்."

"நிஜமாவா?"

"அம்பத்திரண்டு. காலையிலதான் சொன்னாங்க."

அந்தப் பக்கம் ஒரு விம்மல். பிறகு அரை டிக்கெட் வாய்விட்டு அழுதாள். ஐந்து வாரமாக அவள் சேர்த்துவைத்தது அவ்வளவும் வந்தது. ஜீரோ அக்கா மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அழுது முடி. அவசரமில்ல. நான் லைன்லதான் இருக்கேன்."

முடித்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை போறே. என்ன? அந்த அண்ணாகிட்ட உள்ள போறதுக்கு முன்னாடியே கேட்டுடு, எதை எழுதணும், எதை விடணும்னு. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. 'எழுதிக்கோ'ன்னு சொன்னா எழுது, இல்லேன்னா பேனாவைத் தூக்கிடு. உன் மூளையையும் கூட்டிட்டுப் போ. நான் சொன்னேன்னு டீச்சர்கிட்ட சொல்லு."

"சரி ஆன்ட்டி." இந்தச் சரி வேறு மாதிரி இருந்தது. "அப்ப நீங்க இனிமே புது செக்ஷனா?"

"ஆமா. திங்கட்கிழமையே."

"அங்க நாள் பூரா பேசிட்டே இருக்கணுமா ஆன்ட்டி?"

"ஆமா கண்ணு" என்றாள் ஜீரோ அக்கா. "வாய் ஓயாது."

அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு அழைப்பு அடிக்க ஆரம்பித்திருந்தது. அரை டிக்கெட்டிடம் போனை வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதை எடுத்தாள்.